இறங்கி வந்த பாட்டு

கீபோர்டின் வலது மூலையில் கட்டைவிரல் நகம் அகலத்துக்கு ஒரு சின்னத் திரை இருக்கிறது. பச்சை வெளிச்சம். அன்றைக்குக் காலை அதில் ஒரு கழித்தல் குறியும் பக்கத்தில் மூன்று என்ற எண்ணும் எரிந்துகொண்டிருந்தன.

நான் அதைப் பார்த்தபோது ஸ்டெல்லா பல்லவியை முடித்துவிட்டிருந்தாள். மாதா கோயில் நிறைய ஜனம். சாம்பிராணிப் புகை இன்னும் அடங்கவில்லை. முன் வரிசையில் அவள் வீட்டுக்காரர் அருளப்பன் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு நடுவில் அழுத்திக்கொண்டு, பரீட்சை எழுதப் பிள்ளையை உள்ளே அனுப்பிய தகப்பனைப் போல உட்கார்ந்திருந்தார். என் விரல்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. கண் மட்டும் அந்த எண்ணிலேயே நின்றுவிட்டது.

அந்த மூன்று அங்கே இருக்கக் கூடாது. இருந்தால், ஸ்டெல்லா ஆண்டவரோடு போட்டிருந்த ஒப்பந்தம் செல்லாது.

என்ன மூன்று, என்ன ஒப்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். போன வாரம் எழுதியபோது, மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையை வறுக்கிற கதையில் ஆரம்பித்து நாத்தனார் கல்யாணத்தில் கொண்டுபோய் முடித்தேன் என்று என் வீட்டுக்காரரே குறைபட்டுக்கொண்டார். இந்த வாரம் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்துவிடுகிறேன். நடுவில் கொஞ்ச தூரம் ரயிலில் போக வேண்டியிருக்கிறது.

ஜன்னல் சீட்டு

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பாசஞ்சரில் போய்வருகிறவர்களுக்கு ஒரு குணம் உண்டு. யாருக்கு எந்த சீட்டு என்று எங்கேயும் எழுதியிருக்காது. ஆனால் மாற்றி உட்கார்ந்துவிட்டால் பேரணி ஸ்டேஷன் தாண்டும்வரை முறைப்பார்கள்.

நான் விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். ஸ்டெல்லா அரசுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்களுக்குள் பழக்கமானதே ஒரு சண்டையில்தான். அவள் எதிர் சீட்டில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே எதையோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வரியில் ஒவ்வொரு தடவையும் சுருதி கொஞ்சம் தொங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை. வாத்தியார் வேலை பார்க்கிறவர்களுக்கு வாய் சும்மா இருக்காது. மூன்றாவது வரி தொங்குகிறது என்று சொல்லிவிட்டேன்.

அவள் தலையை நிமிர்த்தாமல், தப்புக் கண்டுபிடிப்பது தன் வேலை என்றும், அதற்காகத்தான் தனக்குச் சம்பளம் என்றும் சொன்னாள். அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டு, அந்த மூன்றாவது வரியை என்னைப் பாடிக்காட்டச் சொன்னாள். விக்கிரவாண்டி வருவதற்குள் அதைச் சரி செய்துவிட்டோம். மறுநாள் எனக்கு ஜன்னல் சீட்டுப் பிடித்து டிபன் பையை வைத்திருந்தாள்.

அதிலிருந்து எத்தனையோ வருஷம். எங்கள் பெட்டியில் பூக்காரம்மா, நர்ஸ், தாலுகா ஆபீஸ் பெண்கள் எல்லாரும் உண்டு. முண்டியம்பாக்கம் நெருங்கி, சர்க்கரை ஆலையின் வெல்லப்பாகு வாசனை மூக்கில் ஏறும்போது யாராவது ஒருத்தர், "டீச்சர், ஒண்ணு எடுத்து வுடுங்க" என்பார்கள். ஸ்டெல்லா எடுத்துவிடுவாள். அம்மன் பாட்டு, மாதா பாட்டு, சினிமாப் பாட்டு, எதற்கும் அவளிடம் பேதம் கிடையாது. அவள் குரல் மேலே போகும்போது பெட்டியில் ஒரு பேச்சு இருக்காது.

ஸ்டெல்லாவின் திண்டிவனம் கோயில் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர் ஊர் மாறிப் போனதும் என்னைக் கூப்பிட்டாள். நானோ ஒலக்கூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஆடி மாசம் எங்கள் தெரு அம்மன் கோயிலில் பஜனைக்கு வாசிக்கிறவள். எனக்கு எப்படி இது சரிப்படும் என்று தயங்கினேன். அவள் என்னைப் பங்குச் சாமியாரிடமே இழுத்துக்கொண்டு போனாள். அவர் வயசானவர், நிதானமானவர். சுருதிக்கு ஞானஸ்நானம் தேவையில்லை அம்மா, வந்து வாசியுங்கள் என்று சொல்லிவிட்டார்.

உத்தரவு கேட்கிறவர்கள்

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு பொதுவான வியாதி. எதற்கெடுத்தாலும் மேலே ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

நான் மேல்மலையனூர் அங்காளம்மன் ஆள். மனசு குழம்பினால் அமாவாசைக்குச் செஞ்சி வழியாகப் பஸ் ஏறிவிடுவேன். அங்கே போக முடியாத சமயத்தில் வீட்டிலேயே பல்லி கத்துகிறதா, சாமி படத்துப் பூ வலப்பக்கம் விழுகிறதா என்று பார்ப்பேன். இந்தக் கீபோர்டை வாங்கியதே அப்படித்தான். புதுச்சேரிக் கடையில் இரண்டு கீபோர்டுகளுக்கு நடுவில் முடிவு செய்ய முடியாமல் நின்றுகொண்டிருந்தேன். அம்மா, நீயே காட்டு என்று மனசுக்குள் சொன்னேன். உடனே கரண்டு போய்விட்டது. ஒன்று அணைந்துவிட்டது, இன்னொன்று மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கடைக்காரர், அதில் பேட்டரி போட்டிருக்கிறது என்று விளக்கம் சொன்னார். பேட்டரி போட்டதும் அம்மன்தான் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஸ்டெல்லா இந்தக் கதையைப் பெட்டி முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

அவள் மட்டும் என்ன. கண்ணை மூடிக்கொண்டு பைபிளைத் திறந்து, விரல் விழுகிற வரியைப் படிக்கிறவள். ஒரு தடவை தலைமை ஆசிரியராகப் பதவி உயர்வு வந்தது. தூரத்து ஊர். ஏற்பதா வேண்டாமா என்று கேட்டுப் புத்தகத்தைத் திறந்திருக்கிறாள். இன்னாருடைய மகன் இன்னார், அவருடைய மகன் இன்னார் என்று பக்கம் முழுக்கப் பெயர் வரிசை. ரயிலில் என்னிடம் சொல்லும்போதே அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பால்.

"அட்டெண்டன்ஸ் எடுக்கச் சொல்றாருடி. கிளாஸ் டீச்சராவே இருன்றாரு."

அப்படியே இருந்துவிட்டாள். அதில் அவளுக்கு ஒரு நாளும் வருத்தம் இருந்ததில்லை.

ஓர் அமாவாசைக்கு அவளும் என்னோடு மேல்மலையனூருக்கு வந்தாள். அங்கே கூட்டம் என்றால் நம் காலை நாம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய கூட்டம். அம்மனை ஊஞ்சலில் வைத்து ஆட்டுவதைப் பார்க்க ஜனம் அலைமோதியது. எலுமிச்சம்பழமும் வேப்பிலையும் மிதிபட்டு அந்த வாசனை புடவையில் ஏறிவிட்டது. ஸ்டெல்லா என் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். வெளியே வந்து இளநீர் குடிக்கும்போது என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன்.

"உன் முந்தானய வுட்ரக் கூடாதுன்னு வேண்டிக்கினேன். வேற ஒண்ணும் தோணல."

எனக்கு அவளை எவ்வளவு பிடிக்கும் என்று இளநீர்க்கடை வாசலில் நின்றுகொண்டு நினைத்தது ஞாபகம் இருக்கிறது. சொல்லவில்லை. நாங்கள் அதையெல்லாம் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்கிற ஆட்கள் இல்லை.

கழுத்துச் சங்கிலி

கழுத்தில் போட்டிருந்த சிலுவைச் சங்கிலி இறுக்குகிறது என்றுதான் முதலில் சொன்னாள். நான், தின்றுவிட்டுத் தின்றுவிட்டு உட்கார்ந்தால் இறுக்காதா என்று கேலி பண்ணினேன். அப்புறம் ஒரு நாள் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தபோது, அவள் எச்சில் விழுங்கும்போது கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒன்று ஏறி இறங்கியது. நான் கேலியை நிறுத்திவிட்டேன்.

தைராய்டு கட்டி. புதுச்சேரியில் பார்த்த டாக்டர், பயப்படும்படியான கட்டி இல்லை, ஆனாலும் எடுத்துவிட வேண்டும் என்றார். குரலுக்குப் போகிற நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறதாம். பேச்சுக்கு ஒன்றும் ஆகாது, உச்சியில் பாடுகிறவர்களுக்கு மட்டும் மேல் சத்தம் குறையலாம் என்று சொல்லியிருக்கிறார். குறையலாம் என்பதை ஸ்டெல்லா குறையும் என்று எடுத்துக்கொண்டாள். அருளப்பன் குறையாது என்று எடுத்துக்கொண்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பேச்சு வந்தது. கொஞ்ச நாளில் வகுப்புக்கும் போக ஆரம்பித்துவிட்டாள். கழுத்தில் மெல்லிய தழும்பு, அதை மறைக்கக் காலர் வைத்த ரவிக்கை. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது, பாட்டைத் தவிர. கீழே இருக்கும்வரை குரல் ஒழுங்காக வந்தது. மேலே போனால் இரண்டாக உடைந்தது.

பெட்டியில் யாராவது பாடச் சொன்னால் சளி பிடித்திருக்கிறது என்பாள். அந்தச் சளி மாசக்கணக்கில் நீடித்தது. கேட்கிறவர்களும் ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டார்கள். முண்டியம்பாக்கத்து வாசனை வரும், பெட்டி சும்மா போய்க்கொண்டிருக்கும். எனக்கு அந்தப் பத்து நிமிஷத்தைத் தாங்க முடியாது. கைப்பையைத் திறந்து எதையாவது தேடுவேன்.

ஒப்பந்தம்

இந்த இடத்தில் கட்டை விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

பாடுகிறவர் தன் குரலுக்குத் தோதாக எடுத்துக்கொள்கிற சுருதியை நாங்கள் கட்டைக் கணக்கில் சொல்வோம். எண் கூடினால் சுருதி உயரம். ஸ்டெல்லாவுக்குச் சின்ன வயசிலிருந்தே ஐந்து கட்டை. கீபோர்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும், விரல் வைக்கிற இடம் மாறாமலே, சத்தம் மட்டும் ஒரு படி இறங்கும். மூன்று படி இறக்கினால் ஐந்து கட்டை, மூன்று கட்டை ஆகிவிடும். பாடுகிறவருக்கு அது, பரண்மேல் இருக்கிற சாமானை யாரோ அலமாரிக்கு இறக்கி வைத்த மாதிரி.

முகையூர்ப் பக்கம் ஒரு கிராமம்தான் ஸ்டெல்லா பிறந்த ஊர். அந்த ஊர் மாதா கோயிலுக்கென்று ஒரு பாட்டு உண்டு. எப்போதோ இருந்த உபதேசியார் ஒருவர் கட்டியது. புத்தகத்தில் கிடையாது, வாய்வழியாகவே வந்திருக்கிறது. திருவிழாப் பூசையில் எல்லாரும் நற்கருணை அப்பம் வாங்கி முடிந்ததும், கோயில் அமைதியாக இருக்கும்போது, ஒருத்தர் மட்டும் தனியாகப் பாட வேண்டும். ஆண்டவரை வீட்டுக்குள் கூப்பிடுகிற பாட்டு. சரணத்தில் "வாரும்" என்ற சொல் உச்சிக்குப் போய், அங்கேயே நின்று, மெதுவாக இறங்கும். ஸ்டெல்லாவின் அம்மா பாடியது. அவளுக்குப் பின்னால் ஸ்டெல்லா.

திருவிழாவுக்குச் சில வாரம் இருக்கும்போது, விக்கிரவாண்டியில் கிராசிங்குக்காக ரயில் நின்றுகொண்டிருந்த நேரத்தில், அவள் என்னிடம் விஷயத்தைச் சொன்னாள். ஆண்டவரிடம் பேசி முடித்துவிட்டாளாம். திருவிழாவில் அந்தப் பாட்டைப் பாடுவாள். அந்த வாரும் உச்சியில் உடையாமல் நின்றால் இனியும் பாடுவாள். உடைந்தால், போதும் என்று அவர் சொல்லிவிட்டதாக எடுத்துக்கொண்டு, குழுவை விட்டு விலகிவிடுவாள்.

"அப்புறம் வாயே தெறக்க மாட்டேன். ரயில்லயும் சரி, வூட்லயும் சரி."

நான் என்னென்னவோ சொன்னேன். ஆண்டவரைப் பரீட்சை எழுதச் சொல்கிறாயா என்று கேட்டேன். சுருதியைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொண்டால் என்ன, உலகத்தில் யாருமே செய்யாததா என்று கேட்டேன். அவள் கணக்கு டீச்சர் முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"அஞ்சு கட்டை. எப்பவும் இன்னா வெப்பியோ அதேதான். எறக்கினா அது அவர ஏமாத்தறது. சத்தியம் பண்ணு."

என் தலையில் நானே கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

இரண்டு நாள் கழித்து அருளப்பன் போன் செய்தார். ரொம்பப் பேசுகிற மனிதர் இல்லை. இவள் பாடாமல் சமையல் செய்கிறாள், அந்தச் சமையலறைப் பக்கம் போகவே பிடிக்கவில்லை என்றார். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அவளுக்குத் தெரியாம ஒரு ரெண்டு படி எறக்கி வெச்சிடுங்களேன், சிஸ்டர்."

சத்தியத்தைச் சொன்னேன். அவர் சரி என்று வைத்துவிட்டார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த பிரியத்தில் சத்தியத்தை மீறிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. மீறவில்லை.

திருவிழா

விடிவதற்கு முன்பே கீபோர்டை வேனில் ஏற்றிக்கொண்டு பாடகர் குழுவோடு ஸ்டெல்லாவின் ஊருக்குக் கிளம்பினோம். ஊர் எல்லையிலிருந்தே சீரியல் பல்பு. கோயில் வாசலில் பொரியும் ராட்டினமும். ஸ்டெல்லா வழியெல்லாம் பிளாஸ்க்கிலிருந்து வெந்நீரை மட்டும் மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டு வந்தாள்.

பூசை ஒழுங்காகப் போனது. நற்கருணை கொடுக்கும் நேரத்துப் பாட்டை ஆண்கள் பாட வேண்டும். சின்னப்பர் சார் என்று ரிட்டயர் ஆன போஸ்ட்மாஸ்டர் ஒருவர்தான் முன்பாட்டு. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி குரல். அவருக்கு மூன்று கட்டைதான் சரி. நான் பொத்தானை மூன்று தடவை அழுத்தினேன். கூட்டம் அதிகம், வரிசை நீண்டுகொண்டே போனது. அவர் திரும்பத் திரும்பப் பாடினார்.

ஸ்டெல்லா நற்கருணை வாங்கிக்கொண்டு வந்து மைக் முன்னால் நின்றாள். உதடு காய்ந்திருந்தது. உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு உலகமே மறந்துவிட்டது. என் நினைப்பெல்லாம் அவள் தொண்டையில் இருந்தது, பொத்தானில் இல்லை. சின்னப்பர் சார் முடித்தார். கோயில் அமைதியானது. நான் வாசிக்க ஆரம்பித்தேன்.

இப்போது முதலில் சொன்ன இடத்துக்கு வந்துவிட்டேன். பச்சை வெளிச்சம், கழித்தல் மூன்று.

நடுவில் பொத்தானைத் தொட்டால் பாட்டு குரங்கு மாதிரி தாவும். நிறுத்தினால் அவள் அங்கேயே முடிந்துபோவாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகம் எப்படி இருந்ததோ எனக்குத் தெரியாது. ஒரு வினாடி பார்த்துவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டு சரணத்தை எடுத்தாள்.

வாரும் வந்தது. பழைய குரல் இல்லை அது. முன்பெல்லாம் அந்த இடத்தில் அவள் குரல் புதுப் பட்டு மாதிரி பளபளக்கும். இப்போது பலமுறை துவைத்த நூல் புடவை மாதிரி இருந்தது. நூல் புடவைதான் உடம்புக்கு ஒட்டும். அது உச்சியில் போய் நின்றது. உடையவில்லை. நிதானமாக இறங்கி வந்தது.

அருளப்பன் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி அழுதார். அவள் அம்மாவின் குரலைக் கேட்டு வளர்ந்த பெண்கள் அந்தப் பக்கம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். அந்த ஊர்ச் சாமியார் கடைசி ஆசீரின்போது, நம் மகளுக்குக் குரலைத் திருப்பிக் கொடுத்த இறைவனுக்கு நன்றி என்றார். ஸ்டெல்லா வந்து என் கையைப் பிடித்து இறுக்கினாள். மத்தியானம் பிரியாணி போட்டார்கள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

பேஜாரான கேஸ்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் பூசை. அங்கேயும் ஸ்டெல்லாதான் பாட வேண்டும் என்று அதற்குள் சொல்லியனுப்பிவிட்டார்கள்.

ஐந்து கட்டையில் வைத்தால் குரல் உடையும். ஆண்டவர் கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டார் என்று நினைப்பாள். யாருக்கும் தெரியாமல் மூன்றில் வைத்தால் வாரா வாரம் நான் அவளை ஏமாற்ற வேண்டும். சொல்லிவிட்டால் அற்புதம் போய்விடும், அவளும் வாயை மூடிக்கொள்வாள். எந்தப் பக்கம் போனாலும் இடிக்கிறது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மல்லாட்டைச் செடியைப் பிடுங்கி உதறிக்கொண்டே முழுக்கக் கேட்டார். "இது பேஜாரான கேஸா இருக்குதே" என்றார். அதோடு அடுத்த செடிக்குப் போய்விட்டார்.

அந்த வாரத்திலேயே அமாவாசை வந்தது. போனேன். அதே கூட்டம், அதே வேப்பிலை வாசனை. முந்தானையைப் பிடிக்க ஆள் இல்லை. அம்மா, சொல்லட்டுமா வேண்டாமா, ஏதாவது ஒன்று காட்டு என்று நின்றேன். பூ விழவில்லை. பல்லி இல்லை. பக்கத்தில் நின்றவர் வாயிலிருந்து தற்செயலாக ஒரு வார்த்தைகூட வரவில்லை. அம்மன் என்னைப் பார்த்தாள், நான் அம்மனைப் பார்த்தேன், அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் அவள் எனக்கு ஒன்றுமே காட்டாதது அன்றைக்குத்தான். எனக்குக் கோபமாகக்கூட வந்தது. பஸ் ஏறி வந்துவிட்டேன்.

மறுநாள் காலை வழக்கத்துக்கு முன்னாலேயே திண்டிவனம் ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். ஏன் போனேன் என்று யோசிக்கவில்லை. அவளுக்கு ஜன்னல் சீட்டுப் பிடித்து என் பையை வைத்தேன். அவள் வந்தாள், உட்கார்ந்தாள். வண்டி மயிலம் தாண்டியது. நான் வாயைத் திறந்து, "ஸ்டெல்லா, அன்னிக்குத் திருவிழாவுல..." என்று ஆரம்பித்தேன்.

"மூணு கட்டை" என்றாள் அவள், வெளியே பார்த்தபடி.

நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன்.

"எங்கம்மா வவுத்துல இருக்கும்போதே கேட்ட பாட்டுடி அது. நீ மொத சத்தம் குடுத்ததுமே என் தொண்டைக்குத் தெரியாதா?"

தெரிந்துமா பாடினாய் என்று கேட்டேன்.

"மொத வரியில உன்னத் திட்டினேன், மனசுக்குள்ள. எங்க வூட்டுக்காரரு உனக்குப் போன் பண்ணது எனக்குத் தெரியும். ரெண்டு பேரும் கூட்டு சேர்ந்துக்கினு என்ன ஏமாத்தறீங்கன்னு நெனச்சேன். பல்லவியோட நிறுத்திடலாம்னுதான் உன்னப் பார்த்தேன்."

பூக்காரம்மா எங்கள் பக்கம் காதைத் திருப்பினாள். ஸ்டெல்லா குரலைத் தாழ்த்தினாள்.

"பார்த்தா, நீ அந்தப் பச்ச லைட்டப் பார்த்துக்கினு பேயறஞ்ச மாதிரி ஒக்காந்துக்கினு இருக்க. உனக்கு நடிக்க வராது, வசந்தா. அப்பவே தெரிஞ்சிப்போச்சி. நீ எறக்கல. நானும் எறக்கல."

ரயில் போய்க்கொண்டிருந்தது. அவள் கழுத்துத் தழும்பைத் தடவிக்கொண்டாள்.

"ஏற முடியுதா பாக்கறேன்னு அவருகிட்டயே சவால் வுட்டேன். வாரும் வாரும்னு இத்தினி வருஷமா கூப்புடறது, ஆனா ஒவ்வொரு தபாவும் நானே மேல ஏறிப் போயிக்கினு இருந்தேன். அன்னிக்கி அவரு எறங்கி வந்தாரு. வந்தவர நிக்க வெச்சி, நீ ஏன் எறங்கினன்னு கேக்க முடியுமா?"

நான் அழுதுவிட்டேன். ரயிலில் நாலு பேர் பார்க்க அழுவது எனக்குப் பிடிக்காத காரியம். அவள் டிபன் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள். தக்காளிச் சாத வாசனை அடித்தது.

தெரிந்திருந்தும் வாரம் முழுக்க என்னிடம் சொல்லாமல் என்னைக் கொன்றாயே என்று கேட்டேன். நானாக வந்து சொல்கிறேனா என்று பார்த்தாளாம். அப்படியும் இரண்டு நாள் தூக்கம் கெட்டதாம். அப்புறம், மலையனூருக்குப் போய்வந்தாயே, அம்மன் என்ன சொன்னாள் என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லாமயா காலங்காத்தால எனக்கு முன்ன வந்து சீட்டு புடிச்சிக்கினு நிக்கிற?"

கைக்குட்டையை மடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். பல்லியையும் பூவையும் நான் விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. ஒன்றும் காட்டாத நாளில் கோபித்துக்கொண்டு வருவதை மட்டும் விட்டிருக்கிறேன்.

முண்டியம்பாக்கத்து வாசனை வந்தது. யாரும் கேட்கவில்லை. கேட்பதை அவர்கள் நிறுத்தி மாசக்கணக்காகிறதே. ஸ்டெல்லா தானாகவே பாட ஆரம்பித்தாள், தணிந்த சுருதியில். தாலுகா ஆபீஸ் பெண் கையில் வைத்திருந்த போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மைக் முன்னால் வந்து நின்றாள். பாடகர் குழு மொத்தமும் கேட்க, என்னைத் திரும்பிப் பார்த்து, "எறக்கு" என்றாள்.

நான் பொத்தானை அழுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பச்சை வெளிச்சத்தில் கழித்தல் மூன்று வந்தது. அங்காளம்மனை நினைத்துக்கொண்டு முதல் சுரத்தில் விரலை வைத்தேன்.